இடியாத சுவர்

9

பெஞ்சமின் அன்று காலை ஒருவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான். பொத்தேரியில், ஹாஸ்டல் பிள்ளைகள் நாஸ்தா பண்ணும் கடை வாசலில், நாற்பது பேர் பார்க்க. அறையில் ஒரு குறையும் இல்லை, தெருமுனை வரை கேட்டது. ஆள்தான் தப்பு. அது அவனுக்குத் தெரிய வந்தது மதியம் பன்னிரண்டே காலுக்கு, திருக்கழுக்குன்றத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில், பசுவின் பின்புறம் தோள்பட்டை வரை கை விட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதனின் வாயிலிருந்து.

கதைக்குள் இப்போதுதான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேரம் இல்லை. பெஞ்சமினின் அக்கா மேரி. மேரியின் மகள் ஜாய்ஸ், ஒன்பது வயது, ரத்தப் புற்று. நோயைக் கொல்லக் கொடுத்த மருந்து அவள் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே டாக்டர்கள் அவளுடைய நல்ல உயிரணுக்களை முன்பே எடுத்து, இரண்டு பைகளில் உறைய வைத்திருந்தார்கள். முதல் பையை நேற்று உருக்கினார்கள். உறைந்ததும் உருகியதுமாகச் சேர்ந்து முக்கால்வாசி அணுக்களைக் கொன்றிருந்தன. மிச்சம் இருப்பது இரண்டாவது பை. அது ஜாய்ஸின் உடம்புக்குள் போகாவிட்டால் ஜாய்ஸ் இல்லை. இதை டாக்டர் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை, ஆனால் மேரிக்கு இப்படித்தான் கேட்டது.

அந்த இரண்டாவது பைதான் காணோம்.

அது சதுரங்கப்பட்டினத்தில் திருநாவுக்கரசுவின் லேபில், பால் கேன் உயரத்துக் குடுவை ஒன்றில், திரவ நைட்ரஜனுக்குள் இருந்தது. திருநாவுக்கரசு அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி. அவர் பேரில் இரண்டு காப்புரிமைகள். ஒன்று, செங்கல் சுவரைப் புயலுக்கும் அலைக்கும் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் பட்டை. மற்றொன்று, உறையும்போதும் உருகும்போதும் உயிரணுக்களைச் சாகாமல் காப்பாற்றும் திரவம். ஜாய்ஸின் இரண்டாவது பை அந்தத் திரவத்தில்தான் உறைந்திருந்தது. சுவருக்கும் செல்லுக்கும் இன்னா சார் சம்பந்தம் என்று பெஞ்சமின் ஒருமுறை கேட்டதற்கு, ரெண்டும் விட்டுப் போகாமப் பாத்துக்கறதுதாம்பா என்று சிரித்தார்.

முதல் காப்புரிமையில் அவரோடு துரை என்கிற இளைய கூட்டாளியின் பெயரும் உண்டு. இரண்டாவதில் இல்லை. அந்தத் திரவமும் என் மூளைதான் என்று துரை மூன்று வருடமாக வழக்காடுகிறான். போன வாரம் லேபை சீல் வைக்கக் கோர்ட் உத்தரவு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை திருநாவுக்கரசுவுக்குப் பக்கவாதம் வந்து, செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சில்லாமல் கிடக்கிறார். திங்கட்கிழமை சீல் வைத்தபோது எடுத்த பட்டியலில் குடுவை இல்லை. இன்று புதன்கிழமை. துரைதான் தூக்கியிருப்பான் என்று பெஞ்சமினுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதனால்தான் அந்த அறை.

"அடிச்சாச்சா? மனசு ஆறிடுச்சா?" என்று காரில் ஏறியதும் கேட்டாள் சங்கரி. "இப்ப வேலையைப் பார்க்கலாம். குடுவை ஒரு இடத்துல உட்கார்ந்து தினமும் நைட்ரஜன் குடிக்குது, பெஞ்சமின். குடுவையைத் தேடாதே. அதுக்கு யார் ஊத்திக் கொடுத்தாங்கன்னு தேடு."

காப்புரிமை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் மூளையைப் படித்துச் சம்பளம் வாங்கிவிட்டு, அலுத்துப் போய்த் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் சங்கரி. பெஞ்சமின் அவளுக்கு உதவியாளன், டிரைவர், சமயத்தில் தலைவலி. அவனுடைய வாய்க்குப் பூட்டு கிடையாது. இந்த இரண்டு நாளாக அது வழக்கத்தைவிட அதிகமாகப் பேசியது. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் திரவ நைட்ரஜனை பைக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் யார்? மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள். காளையின் விந்து அதில்தான் உறைந்து கிடக்கும். சங்கரி ஆறு போன் போட்டாள். ஆறாவது போனில் ஜோயல் அகப்பட்டான். அவன்தான் இப்போது பசுவிடமிருந்து கையை மீட்டுக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சனிக்கெழம நான்தான் ஊத்துனேன் அண்ணாத்த," என்றான் ஜோயல். "சாரு லேபுக்கு வரச் சொல்லல. பின்னால காலி எடத்துல ஸ்டூல் போட்டு அது மேல வச்சிகினு இருந்தாரு. புதன்கெழம சாய்ந்தரம் வரிக்கும் தாங்குமான்னாரு. தாங்கும்னேன். செவ்வாக்கெழம நானே எடுத்துடுவேன், போதும்னாரு."

ஆக, யாரும் திருடவில்லை. கிழவரே ஒளித்து வைத்திருக்கிறார். லேபை சீல் வைத்தால் குழந்தையின் உயிரும் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று பயந்து, முன்கூட்டியே எங்கோ வைத்துவிட்டு, எடுப்பதற்குள் விழுந்துவிட்டார். துரையின் கன்னம் பெஞ்சமினின் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. வெட்கப்படக்கூட அவனுக்கு அப்போது நேரமில்லை.

சங்கரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் கை எப்படி இருந்தது?

ஜோயல் யோசித்தான். முழங்கை வரை சிமெண்டுக் கலவை அப்பியிருந்ததாம், கழுவாமலே கைகொடுத்து இவன் சட்டையைப் பாழாக்கினாராம். சங்கரி உடனே காரை நோக்கி நடந்தாள். ஜோயலையும் நைட்ரஜன் கேனோடு பின்னாலேயே வரச் சொன்னாள். இன்னும் நாலு மாடு காத்திருக்கிறது என்று அவன் இழுத்தான். ஒன்பது வயதுப் பெண் ஒன்று காத்திருக்கிறது என்று பெஞ்சமின் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் பைக்கை எடுத்தான்.

கார் சதுரங்கப்பட்டினம் சாலையில் பறந்தது. சங்கரி கோர்ட் உத்தரவின் நகலை மடியில் விரித்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

"அறுபத்தி ரெண்டு வயசுல கொத்தனாரு வேல கத்துக்கினாரா மேடம்?"

"'கட்டடமும் அதனுள் இருக்கும் பொருள்கள் அனைத்தும்.' இதுதான் உத்தரவு. கட்டடம்னா என்ன? கூரை இருக்கணும், கதவு இருக்கணும். வெட்டவெளியில தனியா நிக்கற சுவர் கட்டடம் ஆகுமா?"

பெஞ்சமினுக்கு ஒரு நொடி பிடித்தது. திருநாவுக்கரசுவின் வீட்டுக்குப் பின்னால், காலி மனையில், பட்டையைச் சோதித்துப் பார்க்க அவர் கட்டிய பன்னிரண்டு சுவர்கள் நிற்கின்றன. கூரையும் இல்லை, கதவும் இல்லை. சீல் வைக்க வந்தவர்கள் அவற்றைத் தாண்டித்தான் லேபுக்குப் போயிருப்பார்கள்.

மேரி போன் செய்தாள். அரைமணிக்கு ஒருமுறை செய்கிறாள். ஆரம்பத்தில் எதாவது தெரிஞ்சிச்சா என்று கேட்டவள், இப்போது எதுவும் கேட்பதில்லை. போனை எடுத்ததும் மூச்சு மட்டும் வரும். பின்னால் ஏதோ ஒரு மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருக்கும். பெஞ்சமின் வந்துகினே கீறேன்க்கா என்று சொல்லுவான். இந்தத் தடவையும் அதையேதான் சொன்னான்.

ஒன்றேகால் மணிக்குப் பன்னிரண்டு சுவர்களும் பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக அவன் முன்னால் நின்றன. தோள் உயரம், நல்ல தடிமன், ஒவ்வொன்றிலும் பெயிண்டில் ஒரு எண். செங்கல் வரிசைகளுக்கு நடுவே, கலவைக்குள், பெல்ட் அகலத்தில் பட்டைகள் ஓடின. மே மாத வெயிலில் பதினொரு சுவர்கள் கடல் உப்புப் பூத்து வெளுத்துக் காய்ந்திருந்தன. ஏழாம் எண் மட்டும் கறுத்து, ஈரமாக, நனைந்த சாக்குப் போர்த்திக்கொண்டு குளுகுளுவென்று நின்றது.

பெஞ்சமின் சாக்கைப் பிடுங்கி எறிந்தான். நடுவில் இரண்டடிச் சதுரத்துக்குப் புதுக் கட்டுமானம். முன்பு அளவுக் கருவி வைக்க மாடம் விட்டிருந்த இடம். விரல் முட்டியால் தட்டினான். மற்ற இடத்தில் கெட்டிச் சத்தம், அங்கே மட்டும் வெற்றுப்பானைச் சத்தம்.

"இங்கதான் கீது மேடம்," என்றான். ரெண்டு நாளில் முதல் தடவையாக அவனுக்கு நெஞ்சு லேசானது. ஒரு ஓட்டையைப் போட்டு எடுக்க எவ்வளவு நேரம் ஆகப் போகிறது? ஷெட்டுக்குப் பக்கத்தில் கடப்பாரை கிடந்தது. எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான்.

கடப்பாரை எகிறித் திரும்பி வந்து அவன் தோளைப் பதம் பார்த்தது. சுவரில் நகக்கண் அளவுக்குக்கூடக் காரை பெயரவில்லை. இரண்டாவது போடு. மூன்றாவது. நாலாவதுக்கு ஓங்கும்போது சங்கரி கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருப்பது பூசணிக்காய் அல்ல, குடுவை. கழுத்தில் ஒரு விரிசல் விட்டால் அரைமணி நேரத்தில் காலி. பெஞ்சமினுக்கு அது தெரியும். தெரிந்தும் கை நிற்க மறுத்தது.

ஜோயல் பட்டையை அறுத்துவிடலாமா என்றான். தூரத்துக் கட்டட வேலையிலிருந்து பிரேக்கர் மெஷின் கேட்கலாமா என்றான். சங்கரி இரண்டுக்கும் வேண்டாமென்று தலையாட்டினாள். இறுகிக் கிடக்கும் பட்டையை அறுத்தால் சாட்டை மாதிரி விசிறி, முன்பக்கச் செங்கல் எல்லாம் குடுவை மேலேயே விழும். பிரேக்கரின் அதிர்ச்சியைக் குடுவை தாங்காது. பின்பக்கமாகப் போனால் இரண்டு செங்கல் தடிமன், அதிலும் பட்டை. புயலையே தாங்கவென்று அந்த மனிதர் கண்டுபிடித்த சுவர் அவரையே நம்பி உள்ளே இருக்கும் உயிரை விடமாட்டேன் என்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு இடிக்குதே," என்றாள் சங்கரி.

"எங்க மேடம் இடிக்குது? இடிஞ்சா நான் ஏன் இப்டி நிக்கறேன்?"

"செவ்வாய்க்கிழமை தானே கையால எடுக்கணும்னு நினைச்சவர், எதுக்கு இவ்வளவு கெட்டியாக் கட்டுவார்?"

அந்தக் கேள்விக்கு பதில் ஒரு பக்கெட்டையும் ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சின்னராசு. திருநாவுக்கரசுவிடம் ஆறு வருடமாகச் சுவர் கட்டும் கொத்தனார். மூன்று பேரையும் பார்த்துத் திகைத்து நின்றார். பெஞ்சமின் கையில் கடப்பாரையைப் பார்த்ததும் முகம் கடுத்தது. புதுக் கட்டில் யாராவது கடப்பாரை வைப்பார்களா என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

சங்கரி அவரை உட்கார வைத்துப் பக்குவமாகக் கேட்டாள். இந்தச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார்?

"ஆரும் சொல்லலம்மா," என்றார் சின்னராசு. "ஞாயித்துக்கெழம வந்து பாத்தேன். அய்யா கையால கட்டியிருக்காரு, பாவம், கலவ சேரல. தொட்டா மண்ணா உதிருது. தண்ணி ஒரு சொட்டு காட்டல. புதுக் கட்டு காஞ்சி கெடந்தா பாத்துகினு போவ முடியுமா? உதிர்ற எடத்த சொரண்டிட்டு நல்ல கலவ வச்சி அடச்சேன். மூணு வேளயும் வந்து நனைக்கிறேன். அய்யா எழுந்து வந்து பாத்தா சந்தோசப்படுவாருன்னு."

கடல் பக்கம் காக்கை கத்தியது. பெஞ்சமினுக்கு முதலில் புரிந்தது, பிறகு ஜோயலுக்கு. கலவை சேராதது தெரியாமல் நடந்த பிழை இல்லை. தொட்டால் உதிர வேண்டும் என்றே கிழவர் வேண்டுமென்று மணலை அதிகம் போட்டு, தண்ணீர் காட்டாமல் விட்டிருக்கிறார். உதிரும் கலவையைப் பட்டை பிடிக்காது, செவ்வாய்க்கிழமை விரலால் நோண்டி எடுத்திருக்கலாம். வேறு எந்த ஊர்க்காரன், வேறு எந்தத் தொழில்காரன் வந்திருந்தாலும் அந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். காய்ந்த கட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காத ஒரு நல்ல கொத்தனார், நாலு நாள், மூன்று வேளை, ஒரு குழந்தையின் உயிர் மேல் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கல்லாக்கியிருந்தார்.

சங்கரி விஷயத்தைச் சொன்னாள். சின்னராசு பக்கெட்டைக் கீழே வைத்தார். வைத்த கையை அப்படியே தலைமேல் வைத்துக்கொண்டார். அவருக்கும் அதே வயதில் ஒரு பெண் இருக்கிறது என்று பிற்பாடு ஜோயல் சொன்னான். பெஞ்சமினுக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மணி ஒன்று நாற்பது. சங்கரி போனில் முதல் காப்புரிமையைத் திறந்தாள். கண்டுபிடித்தவன் தன் ரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடுத்தால்தான் காப்புரிமையே கிடைக்கும், அதனால் உலகத்திலேயே பூட்டாத பூட்டு அதுதான் என்று அவள் அடிக்கடி சொல்லுவாள். பதினாலாம் பக்கத்தில் இருந்தது. பட்டைகள் எல்லாம் ஒரே ஒரு முளையில் முடிகின்றன. பழுது பார்க்க வேண்டி வந்தால் அந்த முளையைத் தளர்த்தினால் போதும், பாவாடை நாடா அவிழ்கிற மாதிரி எல்லாப் பட்டையும் தொய்ந்துவிடும். அதன் பிறகு அது வெறும் செங்கல் சுவர்.

முளை எங்கே? படத்தில் இடது மூலை. ஏழாம் சுவரில் இடது மூலையில் சுரண்டிப் பார்த்தார் சின்னராசு. இல்லை. வலது மூலை. இல்லை. ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு இடத்தில் வைத்துச் சோதித்தார்கள் என்று அவருக்கு நினைவு வந்தது. கண்டபடி தோண்டினால் முளை வளைந்துவிடும், அப்புறம் எந்தச் சாமியாலும் அதைத் திருப்ப முடியாது.

"மொள வைக்கிற வேல மட்டும் எங்களுக்கு வுட மாட்டாங்கம்மா," என்றார் சின்னராசு. "அது துரை சாரு வேல."

சங்கரி பெஞ்சமினைப் பார்த்தாள். பெஞ்சமின் செருப்பைப் பார்த்தான்.

இரண்டு தடவை துரை போனை வெட்டினான். மூன்றாவது தடவை சங்கரியின் போனிலிருந்து அடித்து, எடுத்ததும் பெஞ்சமின் அவசர அவசரமாகச் சொன்னான். நாந்தான், காலைல கை வச்சது நாந்தான், வெச்சிடாதீங்க, தப்பு என்னுதுதான், குடுவ கெடச்சிடுச்சி, சுவத்துக்குள்ள கீது, மொள எங்கன்னு சொல்லுங்க. எந்த நம்பர் சுவர் என்று மட்டும் துரை கேட்டான். ஏழு என்றதும் போனில சொன்னா புரியாது, வரேன் என்று வைத்துவிட்டான்.

செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து அவன் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. பெஞ்சமின் சுவரில் காதை வைத்துக் கேட்டான். நெற்றியை வைத்தான். ஜாய்ஸ் பிறந்த அன்று தாய்மாமன் முறைக்கு அவன்தான் முதலில் தூக்கினான், கை நடுங்குகிறது என்று நர்ஸ் திட்டினாள். அதை ஜோயலிடம் சொன்னான். ஜோயலிடம் எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னான். ஏசப்பா, என்னைப் பேஜாரு பண்ணு, கொழந்தய வுட்டுடு என்று வாய்விட்டு வேண்டினான். சின்னராசு உளிகளைக் கூர் தீட்டிக்கொண்டே இருந்தார்.

துரை பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். இடது கன்னத்தில் நாலு விரலும் இன்னும் வரிவரியாகத் தெரிந்தன. யாரையும் பார்க்காமல் நேராகச் சுவரிடம் போனான். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான். குந்தி உட்கார்ந்து மேலும் கீழும் நோட்டம் விட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. எழுந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க அக்கா என் கேஸ்ல சாட்சி சொல்லியிருக்காங்க," என்றான் பெஞ்சமினிடம். "அந்தத் திரவத்தை அவர் கையால கலந்ததைப் பார்த்தேன்னு. அது பொய், பார்க்கலைன்னு எழுதிக் கொடு. கையெழுத்துப் போடு. முளை எங்கேன்னு காட்டறேன்."

மேரி சொன்ன சாட்சி பொய் இல்லை. அன்று அவனும் கூடத்தான் இருந்தான். லேபில் ஸ்டூல் மேல் ஜாய்ஸை உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டையும் எண்ணச் சொல்லி, அவள் எண்ண எண்ண அந்த மனிதர் கலந்தார். நாற்பத்தி ரெண்டு என்று அவள் கத்தியபோது கைதட்டினார். இன்று அவர் வாய் கோணி, பேச்சு போய்க் கிடக்கிறார். தனக்காகப் பேச அவருக்கு இருப்பது இந்தச் சாட்சி ஒன்றுதான். அதைப் பிடுங்கித் தா என்கிறான்.

சங்கரியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தான். அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"பேப்பர் குடு," என்றான் பெஞ்சமின்.

பைக்கின் சீட்டில் வைத்து எழுதினான். என் அக்கா மேரி கொடுத்த சாட்சி உண்மையல்ல, நாங்கள் எதையும் பார்க்கவில்லை. எழுதும்போது அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. நல்லவன் ஒருவனை விற்றுத்தான் பிள்ளையை வாங்க முடியும் என்றால் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். அதற்கான வெட்கத்தைப் பிறகு சாவகாசமாக, ஆயுசு முழுக்கப் பட்டுக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டான்.

துரை படித்தான், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சுவரின் பின்பக்கம் போய், தரையிலிருந்து மூன்றாவது வரிசையில், யாரும் தேட நினைக்காத நடுவிடத்தில் சாவியால் காரையைச் சுரண்டினான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு எஃகு முளை பளிச்சென்று எட்டிப் பார்த்தது. ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று, அரைச் சுற்று. சுவருக்குள் எங்கோ 'ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டது. பட்டைகள் தொய்ந்தன.

முதல் செங்கல் அசைந்ததும் துரை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சின்னராசு அதன் பிறகு யாரையும் கிட்டே விடவில்லை. நாலு நாளாகத் தான் கெட்டிப்படுத்தியதைத் தானே, சின்ன உளியால், முட்டையை உடைப்பது போலத் தட்டித் தட்டி எடுத்தார். ஒவ்வொரு செங்கலையும் இரண்டு கையாலும் வாங்கிக் கீழே வைத்தார். இருபத்தாறு செங்கல். மூன்று நாற்பதுக்குக் குடுவையின் அலுமினியத் தோள் தெரிந்தது. அதன் மேல் திருநாவுக்கரசுவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஜாய்ஸ், வயது 9, தொடாதீர்கள்.

ஜோயல் மூடியைத் திறந்து அளவுக்குச்சியை உள்ளே விட்டு, எடுத்து, காற்றில் ஆட்டினான். நைட்ரஜன் இருக்கும் உயரத்துக்குக் குச்சியில் வெள்ளையாக உறைபனி பூக்கும். குச்சி வெறுமையாக இருந்தது. ஜோயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். குச்சியின் நுனியில், மெல்ல மெல்ல, வெள்ளை எழும்பியது. ஒரு விரல். ஒன்றரை விரல். அதோடு நின்றுவிட்டது.

"ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும் அண்ணாத்த, மிஞ்சுனா ஒண்ணரை," என்றபடி தன் கேனிலிருந்து ஊற்ற ஆரம்பித்தான். புகை மாதிரி குளிர் வழிந்து நாலு பேரின் காலையும் மூடியது. மாட்டுக்கு வைத்திருந்தது எல்லாவற்றையும் ஊற்றிவிட்டான்.

காரில் குடுவையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் கட்டிக்கொண்டு பெஞ்சமின் பின்னால் உட்கார்ந்தான். சங்கரிதான் ஓட்டினாள். செங்கல்பட்டு தாண்டியது.

"நீங்க ஏன் மேடம் தடுக்கல?" என்று கேட்டான் கடைசியில். "நான் எழுதறப்போ."

"எதுக்குத் தடுக்கணும்? உங்க அக்கா சொன்ன சாட்சியை உங்க அக்காதான் மாத்த முடியும். நீ எழுதின தாளுக்குக் கோர்ட்டுல கால் காசு மதிப்பு இல்லை."

பெஞ்சமின் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். "அது அவனுக்குத் தெரியாதா?"

"மூணு வருஷமா கோர்ட் படி ஏறி இறங்கறவன், பெஞ்சமின். என்னைவிட நல்லாத் தெரியும்."

பெஞ்சமின் குடுவையின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாற்பது பேர் பார்க்க அடி வாங்கியவன், அடித்தவன் கூப்பிட்டதும் சும்மா வந்து உதவிவிட்டுப் போக முடியாமல், உபயோகமில்லாத ஒரு தாளை விலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அது புரிந்தபோது காலையில் அடித்த கை கனத்தது.

ஐந்தே காலுக்கு ஜாய்ஸ் இருந்த ஆஸ்பத்திரி. மேரி லிஃப்ட் வாசலில் நின்றிருந்தாள். குடுவையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பை உள்ளே போனது. உருக்கி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். நூற்றுக்கு அறுபதாவது உயிரோடு இருந்தால்தான் ஏற்ற முடியும், அதற்குக் கீழே இருந்தால் ஏற்றிப் பயனில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சிறு வயதில் அப்பாவுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் இப்படித்தான் உட்காருவார்கள்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு லேபிலிருந்து ஒரு பெண் வந்து எண்ணைச் சொன்னாள். எழுபத்தொன்று.

மேரிக்கு அது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. டாக்டர் அவள் தோளைத் தொட்டு, இப்பவே ஏத்திடலாம்மா என்ற பிறகுதான் புரிந்தது. அவள் அழுத அழுகைக்கு அந்த மாடியில் இருந்த எல்லா அறையிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெஞ்சமின் படிக்கட்டுப் பக்கம் போய் போனை எடுத்தான். என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளவில்லை. சங்கரி பக்கத்தில் வந்து நின்றாள். துரை முதல் மணியிலேயே எடுத்தான். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"எவ்ளோ வந்துச்சி?" என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை.

"எழுவத்தொண்ணு."

அந்தப் பக்கம் ஏதோ வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. பெஞ்சமின் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் துரை பேசினான்.

"அந்தத் திரவத்தை நான் கலந்தா அம்பதைத் தாண்டினதே இல்ல," என்றான். "மூணு வருஷமா, எத்தினி தடவ கலந்து பாத்தாலும் அம்பதுதான். அவர் எழுந்ததும் அதை அவர்கிட்டச் சொல்லிடு."